வில்லனுக்கு முன்கதை தேவையா?

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில், ஒரு குடிசைக்குள் ஒளிந்திருந்த 44 தலித்துகள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதும் செங்கொடிச் சங்கத்தை விட்டு விலக மறுத்ததும்தான் பின்னணி. கீழ் நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களைச் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று இது: இவ்வளவு நிலமும் செல்வாக்கும் உள்ளவர்கள், காரெல்லாம் வைத்திருக்கிறவர்கள், தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பும்படியாக இல்லை.

கதை எழுதுகிறவர் இந்த வாதத்தை நெடுநேரம் யோசிக்கலாம். நடந்ததை நடந்தபடியே முன்னால் வைத்தாலும் 'நம்பும்படி இல்லை' என்று தோன்றிவிடுகிறது. கெட்டவன் எப்படி இருப்பான், எதைத் தன் கையால் செய்வான், எதை ஆள் வைத்து முடிப்பான் என்று நமக்குள் ஏற்கெனவே ஒரு படம் ஓடிக்கொண்டிருப்பதுதான் காரணம். பண்ணையார் ஊஞ்சலில் ஆடுவார், அடியாள் போய் வேலையை முடித்துவிட்டு வருவான் என்பது அந்தப் படம். அதற்குப் பொருந்தாத எதையும் மனம் தள்ளிவிடுகிறது. வில்லனை உருவாக்குகிறவர் முதலில் மல்லுக்கட்ட வேண்டியது இந்தப் படத்தோடுதான்.

இதற்கு இன்று எல்லோரும் சொல்லும் மருந்து ஒன்றே. அவனுக்கு ஒரு முன்கதை கொடுத்துவிடு. சின்ன வயதில் பட்ட அவமானம், கண்ணெதிரே செத்த அம்மா, கைகூடாத காதல். கதை விவாத அறைகளில் "வில்லனுக்கும் ஒரு நியாயம் வேணும் சார்" என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். நியாயம் வேண்டும்தான். அது ஃபிளாஷ்பேக்கிலிருந்துதான் வர வேண்டுமா? தமிழில் நின்று நிலைத்த வில்லன்களை எடுத்துவைத்துப் பார்த்தால், அவர்களில் பெரும்பாலோருக்குப் பழைய காயம் எதுவும் இல்லை. அவர்களிடம் இருப்பது நிகழ்காலம். யார் அவன் சொல்லைக் கேட்கிறார்கள், யார் அவனால் பிழைக்கிறார்கள், எதை அவன் தன் கடமை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான் என்பவை.

முன்கதை எங்கே தடுக்கிவிழுகிறது என்று பார்க்கக் கீழ்வெண்மணியையே எடுத்துக்கொள்ளலாம். அந்தச் சம்பவத்தை அடியாகக் கொண்ட இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' 1975இல் வெளிவந்தது. 1977இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. அதில் மிராசுதார் கண்ணையா நாயுடுவுக்குள் ஆசிரியர் ஒரு ரகசியத்தை வைக்கிறார். அவர் ஆண்மையற்றவர். அதை மறைக்கவே பெண் பித்தர் என்ற பெயரைச் சம்பாதித்துக்கொள்கிறார். உள்ளே குமைந்த தாழ்வுணர்ச்சி வெளியே கொடூரமாகத் திரும்புகிறது. இடதுசாரி விமர்சகர்கள் கொதித்தார்கள். கூலிக்கும் மரியாதைக்குமான போராட்டத்தின் மேல் ஏவப்பட்ட வன்முறையை ஒரு தனிமனிதனின் உடற்குறைக்குள் அடக்கிவிட்டார் என்றார்கள்.

அரசியலை ஓரமாக வைத்துவிட்டுக் கதைத் தொழிலாக மட்டும் பார்த்தாலும் விமர்சகர்கள் பக்கமே எனக்கு நியாயம் தெரிகிறது. கீழ்வெண்மணிக்கு அன்று போனது ஒரு கூட்டம். கூட்டத்தில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே குறை இருந்திருக்காது. கண்ணையா நாயுடுவின் ரகசியம் கண்ணையா நாயுடுவை விளக்குகிறது. அவர் தலையசைத்ததும் கிளம்பியவர்களை விளக்கவில்லை. வில்லனின் பலம் என்பதே அந்த மற்றவர்கள்தான். அந்தரங்கக் காயத்துக்குள் ஆழமாக இறங்க இறங்க, மற்றவர்கள் வாசகரின் பார்வையிலிருந்து நழுவிப் போகிறார்கள். நாவலின் மற்ற பலங்களை நான் மறுக்கவில்லை. தில்லியிலிருந்து வந்து கிராமத்தில் தங்கும் கோபால் வழியாகப் படித்த மனிதனின் கையாலாகாத்தனத்தை அது காட்டும் விதம் இன்றும் உறுத்துகிறது. வில்லனிடத்தில்தான் அது சறுக்குகிறது.

இதற்கு நேர் எதிராக, தமிழ்க் காப்பியங்களில் முதலாவதில் ஒரு வில்லன் இருக்கிறான். அவனுக்குப் பெயர்கூடக் கிடையாது. சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லன் மதுரையில் தலைகாட்டும் நேரம் மிகக் கொஞ்சம். முன்கதை என்றால், பாண்டிமாதேவியின் சிலம்பை அவன் ஏற்கெனவே திருடியிருக்கிறான் என்ற ஒரு தகவல்தான். ஏன் திருடினான், வீட்டில் என்ன தரித்திரம், யார்மேல் என்ன ஆத்திரம், எதுவும் இல்லை. இளங்கோ வேறொன்றைச் சொல்கிறார். கோவலன் அவனை முதலில் பார்க்கும்போது அவன் பின்னால் நூறு கம்மியர் வருகிறார்கள். மேலே சட்டை, கையில் தொழிற்கருவி. அரண்மனைக்கு வேலை செய்கிறவன் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது. இப்படிப்பட்டவரிடம் காட்டாமல் வேறு யாரிடம் காட்டுவது என்று கோவலன் அவனிடமே சிலம்பைப் பற்றிச் சொல்கிறான். தன் திருட்டை இந்த வெளியூர்க்காரன் தலையில் கட்டிவிடலாம் என்ற எண்ணம் அந்த நொடியில்தான் பிறக்கிறது. திட்டமிட்ட சதி எதுவும் இல்லை. மாட்டிக்கொள்வோமோ என்ற சின்னப் பயம், கண்ணெதிரே வந்து நின்ற வாய்ப்பு.

அதற்குப் பிறகு நடப்பது இன்னும் கூர்மையானது. அரசன் ஆடல் மகளிரைக் கண்டு மகிழ்ந்ததால் ஊடிப் போன தேவியைச் சமாதானப்படுத்தப் போய்க்கொண்டிருக்கிறான். அவசரம். அந்த அவசரத்தில் கொல்லன் போய் விழுகிறான், உத்தரவு வாங்கிவிடுகிறான். ஆனால் காவலர்கள் கோவலனைப் பார்த்துவிட்டுத் தயங்குகிறார்கள். இவனைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லை என்கிறார்கள். கொல்லன் அங்கே ஒரு விரிவுரையே நிகழ்த்துகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று களவு நூல் சொல்லும் எட்டுத் துணைகளையும் ஒவ்வொன்றாக விளக்குகிறான். கேட்கக் கேட்கக் காவலர்களின் கண்ணில் கோவலன் மாறிக்கொண்டே வருகிறான். கடைசியில் ஒரு கல்லாக் களிமகன் வாளை வீசிவிடுகிறான். மதுரை எரிவதற்கு முன்னால் ஒரு நிபுணர் கருத்து தேவைப்பட்டிருக்கிறது என்று சொல்லலாம்.

கொல்லன் யாரையும் மிரட்டவில்லை. கத்தியைத் தொடவில்லை. அவனுடைய ஆயுதம் அவன் தொழிலுக்கு ஊரில் இருக்கும் மதிப்பு. இன்றைக்கும் ஒரு மருத்துவரோ, ஆடிட்டரோ, தலைமை ஆசிரியரோ வில்லனாகும் கதையை எழுத நினைக்கிறவர்கள் இந்த இடத்தை வரி வரியாகப் படிக்கலாம். கூடவே காப்பியம் தரும் இன்னொரு செய்தியையும் கவனிக்க வேண்டும். கண்ணகியின் சினத்தைத் தணிக்கப் பாண்டியன் வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்கிறது அது. பெயர் வைக்காமல் தொழிலை மட்டும் அடையாளமாகக் கொடுத்தால் பழி தொழிலின் மேலேயே போய் விழும். வில்லனுக்கு ஒரு சமூகத்தின் பேச்சையும் உடையையும் கொடுத்துவிட்டு, "இது யாரையும் குறிப்பதல்ல" என்று முகப்பில் ஒரு அட்டை போடும் நம் படங்களுக்கு இந்தச் சிக்கல் புதியது இல்லை.

காப்பியத்திலிருந்து கூத்துக் களத்துக்கு வந்தால் வில்லனுக்குக் கிடைக்கும் மரியாதை வியப்பூட்டும். வட மாவட்டங்களின் தெருக்கூத்தில் துரியோதனன் சாதாரணமாக உள்ளே வந்துவிட முடியாது. இருவர் திரை பிடிக்க வேண்டும். திரைக்குப் பின்னாலிருந்து பாட்டு வரும், சலங்கைச் சத்தம் வரும், திரை மெல்ல விலகும். நாயகர்களுக்குக் கட்டுகிற அதே கிரீடம், அதே புஜகீர்த்தி அவனுக்கும் உண்டு. வந்ததும் கட்டியக்காரன் கேள்வி கேட்பான், கிண்டல் செய்வான். அவனுக்குப் பதில் சொல்லும் சாக்கில் துரியோதனன் தன் குலம், நாடு, படை எல்லாவற்றையும் விரித்துச் சொல்லிவிடுவான். காயத்தைச் சொல்வதில்லை, இருப்பைச் சொல்கிறான். கட்டியக்காரன் அவனைக் கேலி செய்துகொண்டே அவனுக்கு ஏவல் செய்வதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சிரிக்கிறவனும் சொன்னதைச் செய்கிறான் என்பதில்தான் அதிகாரத்தின் அளவு தெரிகிறது.

துகிலுரிதல் இரவில் துச்சாதனன் வேடம் கட்டியவர் திரௌபதியை வணங்கி மன்னிப்புக் கேட்டுக்கொள்வது வழக்கம். திருவிழா முடிவில் படுகளத்தில் மண்ணால் செய்த மிகப் பெரிய துரியோதனன் உருவம் தரையில் மல்லாந்து கிடக்கும். அவன் வதம் ஊருக்கே சடங்கு. தோற்கப்போகிறவனுக்கு அத்தனை பெரிய உடம்பைச் செய்து படுக்கவைக்கும் ஊர், வில்லனைச் சின்னவனாக்கினால் வெற்றியும் சின்னதாகிவிடும் என்பதைத் தெரிந்துவைத்திருக்கிறது. நாடக ஆசான் சங்கரதாஸ் சுவாமிகள் எமன், சனீஸ்வரன் வேடங்களில் மேடையை நடுங்கவைத்தவர்; அந்த வேடத்தைப் பார்த்து அதிர்ந்த ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்துவிட்டதால்தான் நடிப்பை விட்டு ஆசிரியரானார் என்று ஒரு கதை சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, வில்லன் வேடத்தின் வலுவை நம் நாடக உலகம் எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்பதற்கு அது போதும்.

கம்பனுடைய இராவணனைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயம் நகராது. இசையில் தேர்ந்தவன், கயிலையை அசைத்தவன், நவகிரகங்களையும் ஏவல் கொண்டவன் என்ற பெருமைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றைவிட எனக்கு முக்கியமாகப்படுவது முதல் நாள் போரில் எல்லாவற்றையும் இழந்து, இராமன் போகவிட்டதால் வெறுங்கையோடு இலங்கைக்குள் அவன் திரும்பும் இடம். வானவர் சிரிப்பார்கள், மண்ணுலகம் சிரிக்கும், பகைவர்கள் சிரிப்பார்கள். அதையெல்லாம் அவன் பொருட்படுத்தவில்லை. சீதை சிரிப்பாளே என்றுதான் குன்றிப்போகிறான். வில்லனுக்கு யாருடைய கண்ணில் தாழ்ந்துவிடக் கூடாது என்ற கவலை இருக்கிறது? இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தால் பாதிப் பாத்திரம் எழுந்து நின்றுவிடும். இராவணனுக்கு அந்தக் கண், அவன் சிறைவைத்திருக்கும் பெண்ணின் கண். அவனுடைய குற்றமும் வெட்கமும் ஒரே இடத்தில் முடிச்சுப்போட்டுக் கிடக்கின்றன.

இன்னொன்று கும்பகருணன். அண்ணன் செய்தது தவறு என்று சபையிலேயே சொல்கிறான். சீதையை விட்டுவிடு என்கிறான். வீடணன் போர்க்களத்துக்கே வந்து அழைத்தபோதும் போக மறுத்து, வளர்த்தவனுக்காகச் சாகிறான். தன் தவறை முகத்துக்கு நேரே சொன்ன ஒருவன் தனக்காகச் செத்துப்போகிறான் என்றால், அந்த மனிதனிடம் ஏதோ இருந்திருக்க வேண்டும் என்று நாமே கணக்குப் போட்டுக்கொள்கிறோம். இராவணனின் நல்ல குணத்தை இராவணன் வாயால் சொல்லியிருந்தால் இந்த நம்பிக்கை வந்திருக்காது.

இருபதாம் நூற்றாண்டில் திராவிட இயக்கம் இராவணனைக் கையில் எடுத்தது. புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' 1946இல் வெளியாகி, 1948இல் தடைசெய்யப்பட்டு, 1971இல்தான் தடை நீங்கியது. அங்கே இராவணன் தமிழ் மன்னன், தலைவன். அரசியலாக அதன் துணிச்சல் பெரியது. பாத்திரப் படைப்பாகப் பார்த்தால் இருக்கைகள் இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். ஒருவர் நாயகனானதும் எதிர்த் தரப்பு வில்லனாக வேண்டியிருக்கிறது. அண்ணாவின் 'நீதிதேவன் மயக்கம்' நாடகம் வேறு வழி போகிறது. இரக்கமில்லாதவன் என்ற கம்பனின் குற்றச்சாட்டுக்கு இராவணன் வழக்குமன்றத்தில் பதில் சொல்கிறான். இரக்கம் காட்டாமல் நடந்துகொண்ட தேவர்களையும் முனிவர்களையும் ஒவ்வொருவராக எடுத்துக்காட்டி, என்னை மட்டும் ஏன் அரக்கன் என்றீர்கள் என்று கேட்கிறான். தன் சிறுவயதுத் துயரம் எதையும் அவன் சொல்வதில்லை. தான் செய்ததை மற்றவர்கள் செய்ததோடு ஒப்பிடுகிறான். அந்த வாதம் கேட்கிறவரைச் சங்கடப்படுத்துகிறது. வில்லன் ஒரு முறையாவது சரியாகப் பேச வேண்டும். அதற்கு நாயகனிடம் உடனடிப் பதில் இருக்கக் கூடாது.

முன்கதையே வேண்டாம் என்று நான் அடம்பிடிப்பதாகத் தோன்றலாம். நந்தினி இருக்கிறாளே என்று 'பொன்னியின் செல்வன்' வாசகர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடிக் கோயிலில் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் ஆகியோரைப் பெயர் சொல்லி, அவர்களின் உறவினர் சொத்துக்கள் பறிமுதலான செய்தியைத் தருகிறது. ஏன் கொன்றார்கள் என்று கல் சொல்லவில்லை. 1950 முதல் 1954 வரை தொடர்கதை எழுதிய கல்கி அந்த மௌனத்துக்குள் நந்தினியைக் கொண்டுவந்து வைத்தார். வீரபாண்டியன் உயிருக்கு அவள் கெஞ்சக் கெஞ்ச, கரிகாலன் அவன் தலையைக் கொய்த காட்சிதான் அவளுடைய காயம்.

அது ஏன் வேலை செய்கிறது? அந்தக் காயத்தோடு கல்கி அவளை மூலையில் உட்காரவைக்கவில்லை. சோழ நாட்டின் தனாதிகாரி பெரிய பழுவேட்டரையரின் இளைய ராணி அவள். அரண்மனை, முத்திரை மோதிரம், பல்லக்கு, பாண்டியச் சதிகாரர்கள், அவள் சொன்னால் உருகிப்போகும் ஒரு வயதான வீரர், எல்லாம் அவள் கைக்குள் இருக்கின்றன. பெரிய பழுவேட்டரையரின் காதலை எடுத்துவிட்டால் நந்தினியின் சபதம் ஒரு பெண்ணின் கண்ணீரோடு முடிந்துபோயிருக்கும். மேலும், அவள் பிறப்பைக் கடைசிவரை கல்கி தெளிவாக்கவில்லை. ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். முன்கதை விடையாக வராமல் புதிராகவே கூட வருகிறது. நந்தினியை மனத்தில் வைத்துப் பிறந்ததாகச் சொல்லப்படும் 'படையப்பா' நீலாம்பரி, 1999இல், அடைத்த அறைக்குள் 18 வருடம் உட்கார்ந்துவிடுகிறாள். ரம்யா கிருஷ்ணனின் நடிப்பு அதைத் தாங்கிப் பிடித்தது. ஆனால் நீலாம்பரி நம்மை உண்மையில் மிரட்டுவது அறைக்கு முன்னால், ஊரின் பெரிய வீட்டுப் பெண்ணாகக் காலை ஆட்டியபடி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுதான்.

சினிமாவின் பழைய வில்லன்களை வேகமாகக் கடந்துவிடலாம். பி.எஸ். வீரப்பாவின் சிரிப்பும், கைகளைப் பிசைந்துகொண்டு கண்ணை உருட்டும் எம்.என். நம்பியாரும் ஒரு வகை முத்திரைகள். திரையில் தோன்றியதும் ஆள் யாரென்று ரசிகருக்குத் தெரிந்துவிட வேண்டும், எம்.ஜி.ஆரின் ஒழுக்கத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு முகம் வேண்டும். நம்பியார் நிஜ வாழ்க்கையில் பல்லாண்டுகள் சபரிமலைக்குப் போன குருசாமி என்று மக்கள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டதே, அந்த முத்திரை எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பதற்குச் சாட்சி. எம்.ஆர். ராதா தனி. 'ரத்தக்கண்ணீர்' மோகனசுந்தரம் மனைவியையும் தாயையும் படுத்தும் பாட்டைப் பார்த்துக்கொண்டே அரங்கம் அவனோடு சேர்ந்து சிரிக்கிறது. சிரித்து முடித்த பிறகு யாரோடு சிரித்தோம் என்று உறைக்கிறது. அந்த வித்தையை யாரும் திரும்பச் செய்ததாகத் தெரியவில்லை.

'ரத்தக்கண்ணீர்' வந்த அதே 1954இல் எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' வந்தது. பாடல் ஒன்றுகூட இல்லாத படம். ஜப்பானியர் சென்னையில் குண்டு வீசிய 1943 அக்டோபரில் கதை நடக்கிறது. சுடப்பட்டுச் சாகும் ரேடியோ இன்ஜினியர் ராஜன்தான் நாட்டின் ரகசியங்களை எதிரிக்கு விற்றவன் என்று பிறகு தெரிகிறது. சிவாஜி கணேசன் நடித்த ராஜனுக்கு முன்கதை இருக்கிறது. ஆனால் அது எந்த மாதிரி முன்கதை? அவன் திறமைசாலி. ரேடியோ தயாரிப்புக்கு ஒரு திட்டத்தோடு அரசிடம் போகிறான். மதிக்காமல் திருப்பி அனுப்புகிறார்கள். ஜப்பான்காரன் மதிக்கிறான். இப்படிப் பட்ட எத்தனையோ பேர் நம் ஊரில் இருப்பார்கள்; தேசத்தை விற்க மாட்டார்கள், அவ்வளவுதான். ராஜன் தன் செயலை ஒரு தர்க்கமாகவே பேசுகிறான். தேசபக்தி என்பதே அவனுக்கு மற்றவர்களின் மூடநம்பிக்கை. மனைவி உஷா அதே வீட்டில் அதற்கு நேர் எதிரான நம்பிக்கையோடு வாழ்கிறாள். கிட்டத்தட்ட 70 வருடம் கழித்துப் பார்த்தாலும், ஏமாற்றத்திலிருந்து துரோகம் வரைக்கும் அவன் வைத்த ஒவ்வொரு படியும் எட்டிவிடும் உயரத்திலேயே இருக்கிறது. அதுதான் கலக்கம் தருவது.

'16 வயதினிலே' பரட்டைக்கு இந்தப் படிகளும் கிடையாது. 1977இல் பாரதிராஜா காட்டியது ஊர் மந்தையில் பொழுது போக்கும் ஒரு வெட்டி ஆளை. அவன் எதைச் சொன்னாலும் சிரிக்க இரண்டு மூன்று பேர் கூடவே இருக்கிறார்கள். அந்தச் சிரிப்பு இல்லையென்றால் பரட்டை இல்லை. கூட்டாளிகளை வெறும் கூட்டமாக நினைக்கும் எழுத்தாளர்கள், அந்தப் படத்தில் யார் எப்போது சிரிக்கிறார்கள் என்று மட்டும் ஒரு முறை கவனித்துப் பார்க்கலாம். நாயகி மயிலின் வாழ்க்கையைத் திசைதிருப்பிவிட்டுப் பட்டணத்துக்குப் போய்விடும் கால்நடை டாக்டர் பரட்டையைவிடக் குறைந்த கெடுதல் செய்தவரா என்பதும் யோசிக்க வேண்டிய கேள்வி. அவர் சட்டை கசங்காததால் நாம் அவரை வில்லன் என்று சொல்வதில்லை.

நான் சொல்லவரும் விஷயத்தின் உச்சம் ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்'. 2003இல் வந்த நாவல். போத்திவேலு பண்டாரம் உடற்குறை உள்ளவர்களைப் பிச்சைக்கு வைத்துச் சம்பாதிக்கிறார். அவர்களை வாங்குகிறார், விற்கிறார். அவர் வாயில் அவர்களுக்குப் பெயர் 'உருப்படி'. முத்தம்மை என்ற பெண் பெறும் ஊனமுற்ற குழந்தைகள் அவருக்கு வரவு. இதே மனிதர் வீட்டில் மகள்களின் மேல் உயிரை வைத்திருக்கும் அப்பா. கல்யாணச் செலவு, நகை, மாப்பிள்ளை வீட்டார் பேச்சு என்று நடுத்தர வீட்டுத் தகப்பன் படும் அத்தனை பாடும் படுகிறார். முருகபக்தர். பாவத்துக்குப் பயப்படுகிறார். தான் ஒரு பாவமும் செய்யவில்லை என்று மனதார நம்புகிறார்.

வாசகர் மாட்டிக்கொள்வது இங்கேதான். பண்டாரத்தின் வீட்டுக் கவலைகள் நம் வீட்டுக் கவலைகள். மகளுக்கு நகை சேருமா என்று அவரோடு சேர்ந்து நாமும் கவலைப்பட ஆரம்பித்து, அந்த நகைக்கான பணம் எங்கிருந்து வருகிறது என்பதை இரண்டு பக்கம் மறந்துவிடுகிறோம். மறந்தது ஞாபகம் வரும்போது வாசகர் படும் கூச்சம்தான் நாவலின் சாதனை. அவர் ஏன் இப்படி ஆனார் என்று ஆசிரியர் எங்கும் விளக்கம் தேடிப் போகவில்லை. அது அவருக்குத் தொழில். நாவலைத் தழுவி பாலா எடுத்த 'நான் கடவுள்' 2009இல் வந்தது. ஜெயமோகனே வசனம். அதில் தாண்டவன் என்ற வில்லன் பார்த்ததும் குலைநடுங்க வைக்கிறான். படத்துக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் தாண்டவனைப் பார்த்து யாரும் "இவன் என்னைப் போல இருக்கிறானே" என்று கூசப்போவதில்லை.

'தனி ஒருவன்' 2015இல் சித்தார்த் அபிமன்யுவை இன்னொரு விதத்தில் நம்பவைத்தது. படம் அவன் சிறுவயதில் தொடங்குகிறது. கட்சிக்காரர் செய்த கொலையை அந்தப் பையன் தன் தலையில் போட்டுக்கொள்கிறான். பதிலுக்கு அப்பாவுக்கு எம்.எல்.ஏ. சீட் கேட்கிறான். முன்கதைதான், ஆனால் அதில் அவன் அழவில்லை, பேரம் பேசுகிறான். அரவிந்த் சாமியின் மிடுக்கைப் பற்றி நிறையப் பேசினார்கள். எனக்கு அந்தப் பாத்திரத்தைத் தாங்கிப் பிடிப்பது தம்பி ராமையா நடித்த அப்பாவி அப்பாதான். மந்திரியான பிறகும் மகனைப் பார்த்து மலைத்துப்போகிறவர். அவர் இல்லாத காட்சிகளில் சித்தார்த் கொஞ்சம் விளம்பரப் படத்து ஆள்போல ஆகிவிடுகிறான்.

தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி ஒரு வார்த்தை. மாமியாராகவோ நாத்தனாராகவோ வரும் வில்லிகளுக்கு இயல்பாகவே உறுதியான நிகழ்காலம் உண்டு. பீரோ சாவி, மகனின் சம்பளம், சமையலறையில் யார் சொல் செல்லும் என்ற போட்டி. ஒரு நல்ல நாவலுக்கான பொருள். தினமும் ஒரு சதி வேண்டும் என்ற கட்டாயத்தில் அந்தச் சாவியும் சம்பளமும் காணாமல்போய், பாலில் விஷம் கலப்பது மட்டும் மிஞ்சுகிறது.

மாரி செல்வராஜின் இரண்டு படங்களோடு இந்த வரிசை ஒரு முட்டுச்சந்துக்கு வருகிறது. 2018இன் 'பரியேறும் பெருமாள்' படத்தில் ஒரு முதியவர் வருகிறார். சாதி விட்டுக் காதலித்தவர்களை, விபத்துபோலவும் தற்கொலைபோலவும் தெரியும்படி கொன்றுபோடுகிறவர். அவருக்கு ஃபிளாஷ்பேக் இல்லை, ஆவேசம் இல்லை, குரல்கூட உயர்வதில்லை. குலசாமிக்குச் செய்யும் காரியமாக அதை நினைக்கிறார். அவரைத் தேடிவந்து வேலை சொல்கிற குடும்பங்கள்தான் அவருடைய முன்கதை. அத்தனை பேர் அவர் வீட்டு வழியை அறிந்துவைத்திருக்கிறார்கள் என்பதைக் காட்டியதும் விளக்கம் முடிந்துவிடுகிறது.

2023இன் 'மாமன்னன்' ரத்னவேலு வேறு ரகம். பந்தயத்தில் தோற்ற தன் நாயையே அடித்துக் கொல்கிறவனாக அறிமுகமாகிறான். பஹத் பாசில் அந்தப் பாத்திரத்துக்கு அடக்கமான ஒரு கொதிப்பைக் கொடுத்தார். தன் கட்சிக்காரரே ஆனாலும், ஒடுக்கப்பட்ட சாதி எம்.எல்.ஏ.வான மாமன்னன் தன் எதிரே நாற்காலியில் உட்காரக் கூடாது என்பது அவனுக்குக் கோபமே இல்லை, ஒழுங்கு. அப்பா விட்டுப்போன ஒழுங்கு. இதுவரை நான் அடுக்கிய எல்லாக் கணக்கின்படியும் நன்றாக அமைந்த வில்லன். படம் ஓடிடி-க்கு வந்ததும் என்ன நடந்தது? ரத்னவேலுவின் காட்சிகளைத் துண்டு துண்டாக வெட்டி, சாதிப் பெருமைப் பாட்டுகளைப் பின்னணியில் ஓடவிட்டு, சமூக வலைதளங்களில் பல இளைஞர்கள் அவனைத் தங்கள் நாயகனாகக் கொண்டாடினார்கள். எவனை எதிர்த்துப் படம் எடுக்கப்பட்டதோ, அவனுக்கே படம் சுவரொட்டியாகிவிட்டது.

பஹத் நடிப்பு நன்றாக இருந்ததால் வந்த வினை என்று இதைத் தள்ளிவிட முடியாது. இயக்குநரின் தோல்வி என்றும் எனக்குத் தோன்றவில்லை. ரத்னவேலுவை ஏற்கும் உலகம் தியேட்டருக்கு வெளியே தயாராக இருந்தது. படம் அதைச் சரியாகவே படம்பிடித்திருந்தது. ஆனாலும் தொழில் சார்ந்த ஒரு வித்தியாசத்தைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. பரியேறும் பெருமாள் முதியவரை அப்படி யாரும் வெட்டி ஒட்டிக் கொண்டாடியதாக நான் கேள்விப்படவில்லை. இத்தனைக்கும் அவர் செய்வது ரத்னவேலு செய்வதைவிடக் கொடியது, அதே சாதி ஒழுங்குக்காகச் செய்வது. ரத்னவேலுவுக்குக் குளோஸ்-அப் இருக்கிறது, பின்னணி இசை இருக்கிறது, வெள்ளைச் சட்டையும் மீசையும், எழுந்து நின்றால் தாழ்ந்து எடுக்கும் கேமராவும் இருக்கின்றன. அவனைச் சுற்றியுள்ள மனிதர்களை வெட்டிவிட்டால் மிஞ்சுவது ஒரு நாயகனின் அத்தனை அலங்காரமும். முதியவரை எங்கே வெட்டினாலும் மிஞ்சுவது பஸ்ஸில் நம் பக்கத்து சீட்டில் உட்காரும் ஒரு தாத்தா. மொபைலில் ஸ்டேட்டஸ் வைக்க அவரிடம் எதுவும் இல்லை.